கட்டிலருகில் நர்சிங் ப்ராசஸ்: ஒரு பக்கவாத நோயாளியை வைத்து முழுமையான வழிகாட்டி

ஐயாவுக்கு 68 வயது. விடியற்காலையில் எழுந்திருக்கப் பார்த்தவருக்கு வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, பேச்சு குழறி நின்றுவிட்டது. “வாதம் அடிச்சிடுச்சு” என்று வீட்டார் பதறிப்போய்க் கொண்டுவந்தார்கள். தூக்கத்தில் எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் அந்த வழியும் இல்லாமல் போனது. ஸ்கேன் எடுத்து, மாத்திரைகள் எழுதி, மெடிக்கல் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி அவர் நம் கையில். டாக்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வருவார். மற்ற நேரமெல்லாம் ஐயா எப்படி விழுங்குகிறார், எந்தப் பக்கம் படுத்திருக்கிறார், சிறுநீர் போனாரா, எதற்காகக் கட்டில் கம்பியைத் தட்டுகிறார் என்று பார்க்க வேண்டியவர் நர்ஸ். அந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, பார்த்ததை வைத்து என்ன முடிவெடுப்பது, செய்தது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த வரிசைக்குத்தான் நர்சிங் ப்ராசஸ் என்று பெயர்.

நர்சிங் மாணவர்களுக்கும் புதிதாக டியூட்டியில் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த ஐயா ஒரே ஆள் இல்லை. வார்டில் நான் பார்த்த பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன்.

படிகள் ஐந்து என்பது எல்லோருக்கும் மனப்பாடம்: அசெஸ்மென்ட் (நிலையைப் பார்த்தறிவது), டயக்னோசிஸ் (பிரச்சினை என்னவென்று முடிவுசெய்வது), பிளானிங் (திட்டமிடுவது), இம்ப்ளிமென்டேஷன் (செய்வது), இவால்யுவேஷன் (பலித்ததா என்று மதிப்பிடுவது). ஆனால் தொடக்கத்திலேயே ஐந்தாக இருக்கவில்லை. அமெரிக்காவில் லிடியா ஹால் என்ற நர்ஸ் 1955-இல் ‘நர்சிங் ப்ராசஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1961-இல் ஐடா ஜீன் ஆர்லாண்டோ, நோயாளியின் நடத்தையைப் பார்த்து நாமாக அர்த்தம் செய்துகொள்ளாமல் அவரிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதினார். 1967-இல் யூராவும் வால்ஷும் நான்கு படிகளாக வகுத்தார்கள். 1973-இல் அமெரிக்க நர்சுகள் சங்கத்தின் தரவிதிகள் வந்தபோதுதான் டயக்னோசிஸ் தனிப் படியாக நிலைபெற்றது. கடைசியாக வந்து சேர்ந்த அந்தப் படியைத்தான் வார்டில் நாம் அதிகம் தாண்டிக் குதிக்கிறோம். பார்த்தவுடன் செய்யப் போய்விடுகிறோம். “எதனால்?” என்று கேட்க நிற்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்.

முதல் படி: அசெஸ்மென்ட்

முந்தைய ஷிப்ட் நர்ஸ் சொல்லும் ஹேண்ட் ஓவரைக் கேட்டு, கேஸ் ஷீட்டை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டுக் கட்டிலுக்குப் போங்கள். போனவுடன் பி.பி. கஃப்பைக் கட்டாதீர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அரை நிமிடம் சும்மா பாருங்கள். மூச்சு எப்படி இருக்கிறது, வாயோரம் எச்சில் ஒழுகுகிறதா, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, விழுந்த கை உடம்புக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, யூரின் பேக் தரையில் கிடக்கிறதா. தொடுவதற்கு முன்பே பாதி செய்தி கிடைத்துவிடும்.

அப்புறம் வரிசை. உயிரைப் பிடித்திருப்பவை முதலில்: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு. மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நிலைமை மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது இந்த எண்தான், சார்ட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 20 என்று எழுதிவைப்பதும் இதைத்தான். பி.பி.யை எடுத்து எழுதுங்கள். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் எவ்வளவு வரை விடலாம் என்பதை டாக்டர் தீர்மானிப்பார். ஆர்டரில் அந்த எல்லை இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சர்க்கரையும் பார்த்தே ஆக வேண்டும். 70-க்குக் கீழே போனால் அதுவே பக்கவாதம் போன்ற தோற்றத்தைத் தரக்கூடும். விழுங்க முடியாதவருக்கு அப்போது வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அட்டெண்டருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

நினைவுக்கு கிளாஸ்கோ அளவுகோல். 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவானது, 3 முதல் 15 வரை. ஆனால் ஐயா போன்றவர்களிடம் ஒன்றைக் கவனியுங்கள். பேச்சு போனதால் வாய்மொழி மதிப்பெண் குறையும், அதனால் நினைவு தப்பிவிட்டது என்று ஆகாது. மொத்த எண்ணை மட்டும் எழுதாமல் கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியாக எழுதினால் அடுத்த ஷிப்ட் குழம்பாது. நேற்று கூப்பிட்டவுடன் கண் திறந்தவர் இன்று உலுக்கினால்தான் திறக்கிறார், வாந்தி எடுக்கிறார், இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லை என்றால் கேர் பிளானை (பராமரிப்புத் திட்டத்தை) மூடிவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது விழுங்கும் திறன். பக்கவாத நோயாளிக்கு இதைச் சோதிக்காமல் தண்ணீர், மாத்திரை, காபி எதுவும் வாய்வழி போகக் கூடாது. உங்கள் வார்டில் இதற்கு எழுதப்பட்ட முறை இருந்தால் அதன்படி, பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். பொதுவாக இப்படி நடக்கும்: நன்றாக விழித்திருக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, வாயைச் சுத்தம் செய்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்துத் தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்ப்பது. இருமல் வருகிறதா, தண்ணீர் வாயோரம் வழிகிறதா, முடித்தபின் “ஆ” என்று சொல்லச் சொன்னால் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இருமலே வராமல் தண்ணீர் நுரையீரலுக்குள் போகிறவர்களும் உண்டு. அதனால் சோதனையில் தேறியவரையும் முதல் சில வேளைகள் பக்கத்திலிருந்து பாருங்கள்.

ஐயா இரண்டாவது ஸ்பூனிலேயே இருமினார். மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் ட்யூப் போட்டார்கள்.

தோலைப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று புத்தகம் சொல்கிறது. அது வெள்ளைத் தோலில் எளிதாகத் தெரியும். நம் ஊர்க் கருத்த தோலில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் புண் திறந்த பிறகுதான் கண்ணில் படும். எனவே விரலால் தேடுங்கள். வால் எலும்புப் பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் கூடுதலாகக் கருத்து ஊதா போல் இருக்கிறதா, தொட்டால் சூடா, கெட்டியா, கொழகொழப்பா, தொட்டவுடன் முகம் சுளிக்கிறாரா? பகல் வெளிச்சத்தில் பாருங்கள், இரவானால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

படுக்கைப்புண் அபாயத்தை அளக்க 1987-இல் வந்த பிரேடன் அளவுகோலை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மொத்தம் 6 முதல் 23. 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. ஐயாவுக்கு உணர்வு 3, ஈரம் 3, நடமாட்டம் 1, அசையும் திறன் 2, ஊட்டம் 2, உராய்வு 1. கூட்டினால் 12. எண்ணை எழுதியதோடு நிற்காமல் எந்த வரியில் மதிப்பெண் போயிற்று என்று பாருங்கள். பிளானில் எழுத வேண்டியது அங்கேதான் கிடைக்கும்.

பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்பது? தலையசைப்பை நம்பலாமா என்று முதலில் சோதியுங்கள். அவருடைய பெயரைச் சொல்லி “நீங்கதானே?” என்று கேளுங்கள். பிறகு வேறொரு பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் “ஆமாம்” என்று தலையாட்டினால் வலி இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர் ஆட்டும் தலையை வைத்து எதையும் எழுத முடியாது. சரியாகப் பதில் வந்தால் ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளாகக் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. தண்ணீர், சிறுநீர், வலி, குளிர், வீட்டுக்காரம்மா என ஐந்தாறு படங்களை அட்டையில் வரைந்து நல்ல கைப்பக்கம் வைத்தால் இன்னும் நல்லது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு டியூட்டியில், பேச்சு வராத நோயாளி ஒருவர் நல்ல கையால் கட்டில் கம்பியை ஓயாமல் அடித்தார், போர்வையைப் பிய்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் தூக்கம் போய்ச் சத்தம் போட்டார்கள். “ரொம்ப ரெஸ்ட்லெஸ்” என்று எழுதி, போனில் டாக்டரிடம் கேட்டுத் தூக்க ஊசி போட்டேன். கையையும் காஸ் துணியால் கட்டினேன். விடியற்காலையில் போர்வையை விலக்கியபோது அடிவயிறு தொப்புள் வரை பந்து மாதிரி எழும்பி நின்றது. சிறுநீர் அடைத்திருந்தது. படுக்கை கொஞ்சம் கொஞ்சமாக நனைந்திருந்ததால், போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நிரம்பி வழிந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், அவருடைய கையைத்தான் நான் கட்டினேன்.

அன்றிலிருந்து, யார் அமைதியில்லாமல் இருந்தாலும் ஊசி கேட்பதற்கு முன் ஐந்தைப் பார்க்கிறேன்: ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, சிறுநீர்ப்பை, வலி, மலச்சிக்கல். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அசெஸ்மென்டின் கடைசிப் பகுதி வீட்டாரிடம் கேட்பது. “ஏதாச்சும் சொல்லணுமாம்மா?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லைங்க சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். கண்ணாடி போடுவாரா, காது நன்றாகக் கேட்குமா, பல்செட் உண்டா, எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார், காலையில் எத்தனை மணிக்கு வெளிக்குப் போவார், பீடி, குடி உண்டா, வீட்டில் கழிவறை உள்ளே இருக்கிறதா வெளியிலா, பகலில் கூட யார் இருப்பார்கள். கடைசி இரண்டு கேள்விகளையும் டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் காலம் கடந்துவிடும்.

இரண்டாம் படி: டயக்னோசிஸ்

“பக்கவாதம்” என்பது டாக்டரின் டயக்னோசிஸ். நோயாளி வீடு போகும்வரை அது மாறாது. நம்முடையது அந்த நோயால் இந்த மனிதருக்கு இன்று என்ன முடியாமல் போயிருக்கிறது என்பது. காலையில் ஒன்றாக இருக்கும், மாலையில் மாறலாம்.

எழுதும் அமைப்பு மூன்று துண்டு: பிரச்சினை, எதனால், எதை வைத்துச் சொல்கிறோம். ஐயாவுக்கு முதல் நாள் இப்படி: “விழுங்குவதில் தடுமாற்றம், வாய், தொண்டைத் தசைகள் பலவீனமானதால், இரண்டாவது ஸ்பூன் தண்ணீரில் இருமல், குரல் ஈரமாக மாறியது.” இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய பிரச்சினைக்கு மூன்றாவது துண்டு இருக்காது: “படுக்கைப்புண் வரும் அபாயம், தானாகத் திரும்ப முடியாததால், படுக்கையில் சறுக்குவதால்.” அபாயம் என்று எழுதிவிட்டு அடையாளங்களையும் சேர்த்து எழுதினால் தப்பு. அடையாளம் தெரிந்துவிட்டதென்றால் அது வெறும் அபாயமாக இல்லை, பிரச்சினை வந்துவிட்டது.

நடுத் துண்டான ‘எதனால்’தான் உயிர். நாம் செய்யும் வேலை அதைப் பார்த்துத்தான் போகும். இதை ஐயாவிடமே பார்த்தேன்.

நான்காம் நாள் மறுபடி சோதித்து, கெட்டியான பதத்தில் வாய்வழியாகக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. குழைத்த சாதம் கொண்டுவந்தோம். ஸ்பூன் அருகில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியமும் அப்படியே. “உணவு மறுக்கிறார்” என்று நோட்ஸில் ஏறியது. ஐந்தாம் நாள், “மன அழுத்தம் காரணமாக ஊட்டம் குறைவு” என்று ஒரு மாணவி கேர் பிளானில் எழுதியிருந்தாள். புத்தகப்படி பார்த்தால் தவறில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மன அழுத்தம் வருவது சகஜம்தான்.

“எதை வைச்சுச் சொல்றம்மா?” என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, வா என்று கூட்டிக்கொண்டு போய் ஐயாவின் மனைவியான அம்மாவிடம் கேட்டோம். வீட்டில் எப்படிச் சாப்பிடுவார், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்று. அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து மஞ்சப்பையை இழுத்து, கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த பல்செட்டை எடுத்துக் காட்டினார். “இது இல்லாம மருமக முன்னாடிகூட வாயத் தொறக்க மாட்டாரு சிஸ்டர். அன்னைக்கு எமர்ஜென்சில கழட்டிக் குடுத்தாங்க, பத்திரமா வச்சிருக்கேன்.”

எதிர்க் கட்டிலில் நாலைந்து பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பல் இல்லாத, கோணிய வாயை அத்தனை பேர் முன்னால் திறக்க அவருக்குக் கூச்சம்.

‘எதனால்’ மாறியதும் வேலை மொத்தமாக மாறிவிட்டது. மன அழுத்தம் என்றால் மனநல டாக்டருக்குக் குறிப்பு எழுதியிருப்போம். கூச்சம் என்றால் கட்டிலை மறைக்க ஒரு ஸ்கிரீன் போதும். பல்செட்டைக் கழுவிப் பொருத்திப் பார்த்தோம். வலப்பக்கம் தளர்ந்திருந்தால் அதுவே தொண்டையில் சிக்கும் ஆபத்து என்பதால் டாக்டரிடமும் காட்டினோம். இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்கிரீனை இழுத்துவிட்டு அம்மாவை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்தோம். அன்று மதியம் எட்டு ஸ்பூன் போனது.

சாப்பிடவில்லை என்ற ஒரே வரிக்குப் பின்னால் வேறு காரணங்களும் இருக்கலாம். வலப்பக்கப் பார்வை போனதால் தட்டின் அந்தப் பாதியே கண்ணில் படாமல் இருக்கலாம். வாய்ப்புண், மலச்சிக்கல், உப்பில்லாத சாப்பாடு, ஸ்பூனைத் திணிக்கும் கை, எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

மூன்றாம் படி: பிளானிங்

பிரச்சினைகளை வரிசைப்படுத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. மூச்சைத் தடுக்கக்கூடியது முதலில், ரத்த ஓட்டம் அடுத்து, பிறகு மற்றவை. ஐயாவுக்கு விழுங்குவது முதலிடம், தோல், சிறுநீர், விழுந்துவிடும் அபாயம், பேச்சு என்று பின்னால் வரும். பத்துப் பன்னிரண்டு டயக்னோசிஸ் எழுதி எதையும் செய்யாமல் இருப்பதைவிட, நாலை எழுதி நாலையும் செய்வது மேல்.

தடுமாறுவது இலக்கு எழுதுவதில். “நோயாளிக்கு நல்ல ஊட்டம் அளிக்கப்படும்” என்று எழுதினால் அது நாம் செய்யப்போவது. இலக்கு என்பது நோயாளியிடம் நாம் பார்க்கப்போவது. அதை அளக்க முடிய வேண்டும், கெடுவும் இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: “7-ஆம் நாள் மதியத்துக்குள், நிமிர்ந்து உட்கார்ந்து, அரைக் கிண்ணம் குழைத்த சாதத்தை இருமலில்லாமல், குரல் மாறாமல் சாப்பிடுவார்.” இதைப் படிக்கும் இரவு டியூட்டி நர்ஸுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஐயா அட்டையில் தொட்டுக் காட்டியது கழிவறைப் படத்தை. பெட்பேனில் போக அவருக்குப் பிடிக்கவில்லை. ‘10-ஆம் நாளுக்குள் இருவர் துணையோடு கமோடு நாற்காலியில் உட்காருவார்’ என்பது பிளானில் ஏறியது அப்படித்தான். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத்தான் அந்த நாளைப் போட்டோம்.

நான்காம் படி: செய்வது

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு நொடி நின்று, காலையில் போட்ட பிளான் இப்போதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு, நேரமாகிவிட்டது என்பதற்காகச் சாப்பாடு ஊட்டக் கூடாது.

ஊட்டும் முறை இது. நேராக உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே சாய்க்கவும். சிறிய ஸ்பூன், நல்ல பக்கக் கன்னத்தில். ஒரு வாய் உள்ளே போய்விட்டதென்று உறுதியான பிறகே அடுத்தது. விழுந்த பக்கக் கன்னத்தில் சோறு தேங்கும், அவருக்கு அது உறைக்காது. முடித்ததும் டார்ச் அடித்துப் பார்த்துச் சுத்தம் செய்து, அரைமணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். தண்ணீர், மோர், ரசம், காபி, இளநீர் போன்ற நீர்த்தவைதான் இவர்களுக்கு அதிக ஆபத்து. உறவுக்காரர்கள் பாசத்தோடு வாங்கிவருவதும் இளநீர்தான். கோபப்படாமல் காரணத்தைச் சொல்லுங்கள், கட்டிலில் பெரிய எழுத்தில் எழுதியும் தொங்கவிடுங்கள்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். நேர் பக்கவாட்டில் திருப்பினால் முழு எடையும் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்கும்படி செய்யுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். தோள்பட்டைக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்குங்கள்.

நாங்கள் படித்த காலத்தில் ஸ்பிரிட் போட்டு முதுகைத் தேய்த்துப் பவுடர் போடச் சொன்னார்கள், ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைக்கச் சொன்னார்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள். ஸ்பிரிட் தோலை வறட்டும். ஏற்கெனவே அழுந்திப்போன இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் நைந்துபோகும். வளையம், சுற்றியிருக்கும் தோலை அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போகவிடாது. இன்னமும் பல வார்டுகளில் அன்போடு இதைச் செய்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சிறுநீருக்கு, நம் வசதிக்காகக் கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் போடும் குழாய்) கேட்காதீர்கள், அது கிருமிக்கு வழி. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை யூரினல் வைத்துக் கேட்பது பலருக்குப் போதும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எழுதும் ஐ.ஓ. சார்ட்டில், சிறுநீருக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி. என்ற கணக்கை மனதில் வையுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. அதற்குக் கீழே தொடர்ந்து போனால் அடைப்பா, உடம்பில் தண்ணீர் குறைவா என்று பார்த்து டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் 40 கட்டில் வார்டில் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆள் பற்றாக்குறைக்கு நர்சிங் ப்ராசஸ் மருந்தாகாது, அது அரசும் நிர்வாகமும் தீர்க்க வேண்டியது. என்னால் முடிந்தது வேலைகளை ஒன்றாக முடிச்சுப் போடுவது. பக்கம் திருப்பும்போதே தோலைப் பார்க்கிறேன். ட்ரிப்ஸ் மாற்றும்போதே தலையசைப்பைச் சோதிக்கிறேன். படுக்கை விரிப்பு மாற்றும்போதே அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.

செய்ததை நேரம் போட்டு உடனே எழுதுங்கள். செய்ய முடியாததையும் காரணத்தோடு எழுதுங்கள். பல தடவை திருப்பியதாக ஷிப்ட் முடிவில் மொத்தமாக எழுதும் சார்ட் யாருக்கும் உதவாது. அடுத்த நர்ஸ் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்.

ஐந்தாம் படி: இவால்யுவேஷன்

கெடு வந்த நாளில் இலக்கை எடுத்துவைத்துப் பாருங்கள். முழுக்க நடந்ததா, பாதியா, நடக்கவே இல்லையா. நடக்கவில்லையென்றால் மறுபடியும் எதனால்? நாம் பார்த்தது தவறா, காரணத்தைத் தவறாகப் பிடித்தோமா, இலக்கு எட்டாத உயரமா, அல்லது எழுதியதைச் செய்யவே இல்லையா?

ஐயாவுக்கு 7-ஆம் நாள் சாப்பாட்டு இலக்கு நிறைவேறியது. தோலில் வால் எலும்புப் பகுதி சுத்தமாக இருந்தது. வலது குதிகாலும் நன்றாக இருந்தது, தினமும் தலையணையில் தூக்கி வைத்திருந்தோம். இலக்கு நிறைவேறியது என்று எழுதப் போன மாணவி, பழக்கத்தில் இடது காலையும் தூக்கிப் பார்த்தாள். இடது குதிகாலில் ஓர் எட்டணா அளவுக்குக் கருநீலம். தொட்டால் சூடு.

எல்லோரும் விழுந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல கால்தானே என்று இடதை விட்டுவிட்டோம். சற்று நேரம் நின்று பார்த்தபோது காரணம் தெரிந்தது. தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்ததால் ஐயா படுக்கையில் கீழே சறுக்கிக்கொண்டே இருந்தார். யாரையும் கூப்பிட முடியாததால், நல்ல காலின் குதிகாலை மெத்தையில் ஊன்றித் தானாகவே மேலே தள்ளிக்கொண்டார், நாள் முழுக்க. பிரேடனில் உராய்வுக்கு 1 போட்டிருந்தது அவருடைய முதுகை நினைத்து, குதிகாலை நினைத்தல்ல.

பிளானைத் திருத்தினோம். இடது குதிகாலும் தலையணையில். சறுக்காமல் இருக்க, தலைமாட்டை உயர்த்தும்முன் முழங்கால் பகுதியைக் கொஞ்சம் மடக்கி உயர்த்துவது. மேலே தூக்கிவிடச் சொல்லிக் கேட்க, படஅட்டையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று. ஐந்து நாளில் குதிகால் பழைய நிறத்துக்கு வந்தது.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்ததையும் இதேபோல் சோதிக்க வேண்டும். “புரிஞ்சுதாம்மா?” என்றால் “புரிஞ்சுது” என்பார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அவரையே செய்யச் சொல்வேன். முதல் தடவை அம்மா ஐயாவின் விழுந்த கையைப் பிடித்துத்தான் இழுத்தார். தடுத்து, தோளுக்கு அடியில் கை வைப்பதைக் காட்டினேன். மறுநாள் மதியம், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தோளை அணைத்து, தலையணையை முதுகுக்குப் பின்னால் தள்ளி, குதிகால் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். இடது குதிகாலை முதலில் பார்த்தார். “மனைவி, பிறர் உதவியின்றி, நோயாளியைப் பக்கம் மாற்றினார், இரு குதிகாலும் சோதித்தார்” என்று நேரம் போட்டு நோட்ஸில் எழுதினேன்.

டிஸ்சார்ஜ் தாளில் மருந்துகளுக்குக் கீழே நாங்கள் கையால் எழுதிச் சேர்த்தவை நாலு வரி: நீர்த்த எதையும் டாக்டர் சொல்லும்வரை கொடுக்க வேண்டாம், சாப்பிட்டபின் வலது கன்னத்தைப் பார்க்கவும், காய்ச்சலோ, சாப்பிடும்போது இருமலோ, ஒரு பொழுது முழுக்கச் சிறுநீர் போகாமலோ இருந்தால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் கொண்டுவரவும், பல்செட்டை மறக்காமல் எடுத்துப் போகவும்.